முதலில் உத்தியோகம், பிறகு ஊர்ப் பயணம்

காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்; நம்மவர்களின் மனதில் ஓடுவதெல்லாம் காதில் விழும். அரசியல், சினிமா, தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.

"எத்தனை நாளைக்கு அண்ணே இந்த வாடகை வீடு? ஊர்ல அப்பா பங்கு ரெண்டு ஏக்கரு சும்மாதான் கெடக்குது. கணக்கை முடிச்சிக்கினு போய்க் குந்திடலாம்னு பாக்கறேன்."

எதிரில் இருப்பவரும் தலையை ஆட்டுவார். அவருக்கும் ஊரில் ஒரு துண்டு நிலம் இருக்கும். இல்லையென்றால் மாதத் தவணை கட்டி வாங்கிய ஒரு மனை, கல் நட்டு, முள் முளைத்துக் கிடக்கும். திருப்பத்தூர், வாணியம்பாடி, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, தருமபுரி, போளூர், செங்கம் என்று ஊர் வேறானாலும் ஆசை ஒன்றுதான்.

இந்த ஆசையை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதை நிறைவேற்றும் வரிசையில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். முதலில் இங்கே வேலையை விடுகிறார்கள். பிறகு குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார்கள். அதன் பிறகுதான் ஜீவனத்துக்கு என்ன வழி என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அங்கே ஒரு வேலையைத் தேடிக்கொண்ட பிறகுதான் இங்கே இருக்கும் வேலையை விட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

வந்த வழி

நாம் இந்த ஊருக்கு வந்ததே வேலை இருந்ததால்தான். 1809இல் வெள்ளைக்காரன் இங்கே தண்டு அமைத்தபோது, பட்டாளத்தோடு தமிழர்களும் வந்தார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. காக்ஸ் டவுன் ஓரமாக ஓடும் அந்தத் தண்டவாளம்தான் நம் தாத்தாக்களைக் கொண்டுவந்து இறக்கியது. பிறகு மில்கள் வந்தன, எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. என்று பெரிய தொழிற்சாலைகள் வந்தன. ஊரிலிருந்து ஒருவர் வந்து, வேலையில் அமர்ந்து, அறை பிடித்து, அதன் பிறகே மனைவி மக்களை அழைத்தார். முதலில் வேலை, பிறகு வீடு, கடைசியில் குடும்பம்.

வரும்போது இவ்வளவு ஜாக்கிரதையாக வந்த நாம், போகும்போது மட்டும் ஏன் அவசரப்படுகிறோம்? சொந்த ஊர்தானே, சோறு கிடைக்காமலா போகும் என்ற தைரியம்தான் காரணம். தாத்தா காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். கூட்டுக் குடும்பம் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, தேவைகளும் குறைவு. இன்று அந்த ஊரிலேயே இருக்கும் வாலிபர்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்கும் ஆம்பூருக்கும் போகிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குச் சோறு போடாத நிலம், முப்பது வருஷம் கழித்து வருகிறவனுக்குப் போட்டுவிடுமா?

மொத்தப் பணம் செய்யும் மாயம்

மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களில் விருப்ப ஓய்வுத் திட்டம் 1988 அக்டோபரில் வந்தது. முடித்த ஒவ்வொரு வருஷ சர்வீசுக்கும் ஒன்றரை மாதச் சம்பளம் அல்லது மீதமுள்ள மாதங்களுக்கான சம்பளம், இவற்றில் எது குறைவோ அது என்பது அதன் கணக்கு. தொடர்ந்து வந்த வருஷங்களில் பெங்களூரின் பல தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்தது. நாம் கைக்கடிகாரம் என்றாலே நினைத்த எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவையே ஒப்புதல் தந்தது. நம் காக்ஸ் டவுன் பக்கத்து ஐ.டி.சி. சிகரெட் தொழிற்சாலை இருந்த வளாகத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனி நடக்கிறது.

அப்படி ஒரு தொழிற்சாலையில் ஓய்வு வாங்கிக்கொண்டு போன ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருக்காரர், நல்ல உழைப்பாளி. கையில் மொத்தமாகப் பணம் வந்தது. வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்த லீஸ் பணத்தையும் திரும்ப வாங்கினார். ஊருக்குப் போனார். முதல் போர் ஆயிரம் அடி போட்டும் புகைதான் வந்தது. இரண்டாவதில் தண்ணீர் கசிந்தது. மீதியில் பாதி மோட்டாருக்கும் வேலிக்கும் போயிற்று. மீதிப் பாதி தங்கை மகள் கல்யாணத்துக்கும், கேட்ட பங்காளிகளுக்கும் போயிற்று. மூன்றாம் வருஷம் அவர் மட்டும் தனியாகப் பெங்களூர் திரும்பினார். காவல் வேலை, பன்னிரண்டு மணி நேரம், மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில். "மிஷினுக்கு முன்னாடி நின்ன ஆளு நான், இப்ப கேட்டுக்கு முன்னாடி நிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அவர் செய்த தப்பு ஊருக்குப் போனதல்ல. மாத வருமானம் இல்லாமல் போனதுதான். மாதா மாதம் ஒரு சம்பளம் வந்திருந்தால் இரண்டாவது போருக்கு அவசரப்பட்டிருக்க மாட்டார். கையில் மொத்தப் பணம் இருப்பது தெரிந்து யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

நிலத்தின் கணக்கு

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்பார்கள். நாம் குமாஸ்தாக்கள், தொழிலாளர்கள். நமக்குக் கணக்குப் பார்க்காமல் முடியாது. பார்ப்போம.

நம்மவர்களுடைய நிலத்தில் பெரும்பாலானது மானாவாரி. மழை பெய்தால் கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை, துவரை. ஏக்கருக்கு எட்டுக் குவிண்டால் கேழ்வரகு விளைந்தது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். இரண்டு ஏக்கருக்குப் பதினாறு குவிண்டால். ஏறக்குறைய 78,000 ரூபாய். உழவு, விதை, எரு, களை, அறுப்பு, வண்டிக் கூலி என்று பாதி போனால் மிஞ்சுவது 39,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 3,250 ரூபாய். மழை பொய்க்காமல், பன்றி மேயாமல், ஆதரவு விலை முழுதாகக் கிடைத்தால்தான் இந்த 3,250 ரூபாயும்!

மாந்தோப்பு போடலாமே என்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழுக்காக வளர்க்கும் மாவுக்கே 'பெங்களூரா' என்றுதான் பெயர். ஒட்டுக் கன்று வைத்தால் நான்கைந்து வருஷம் தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! காய்த்த பிறகும் விலை நம் கையில் இல்லை. 2025 பருவத்தில் விலை விழுந்து தோப்புக்காரர்கள் தவித்ததை நாம் பத்திரிகைகளில் படித்தோம்.

தண்ணீர், மின்சாரம் விஷயம் இன்னும் கஷ்டம். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பது உண்மை. ஆனால் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் பல பேர். 2021இல் தமிழக அரசு ஒரே தவணையில் ஒரு லட்சம் இணைப்புத் தரும் திட்டத்தை அறிவித்ததே அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம்; பல்லும் எலும்பும் கெடும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவந்து 2013இல் தொடங்கி வைத்தார்கள். உங்கள் மனைக்கு அந்தக் குழாய் வந்திருக்கிறதா, அல்லது அரை மைல் தள்ளி நிற்கிறதா? முதலில் அதை விசாரியுங்கள்.

தவணை மனைக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்த தமிழக அரசு 2017இல் விதி கொண்டுவந்தது; 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முந்தியவற்றுக்கே அந்தச் சலுகை. உங்கள் மனை எந்தப் பக்கம் என்று தெரியாமல் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டாதீர்கள். நிலக்காரர்களுக்கும் இதேதான். பட்டா யார் பெயரில் இருக்கிறது, தாத்தா பெயரிலேயே நிற்கிறதா, புல வரைபடத்தில் பாதை உண்டா, வில்லங்கச் சான்றில் யார் கடன் ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்துச் சரி செய்யவே ஒரு வருஷம் ஓடிவிடும். அந்த வருஷத்தைச் சம்பளத்தோடு கழிப்பதா, சம்பளம் இல்லாமல் கழிப்பதா?

வேலையோடு போவதன் லாபம்

வேலையை விட்டால் சம்பளம் மட்டும்தான் நிற்கும் என்று நினைக்கிறோம். அதோடு வேறு பலவும் நிற்கும்.

பிராவிடண்ட் ஃபண்டோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். எட்டு வருஷம் முடித்தவர் வேலையை விட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போனால், அந்த எட்டு வருஷமும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அதே ஆள் ஓசூரிலோ ராணிப்பேட்டையிலோ பி.எஃப். பிடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பழைய எண்ணிலேயே கணக்கைத் தொடர்ந்தால், இன்னும் இரண்டு வருஷத்தில் பென்ஷனுக்கு உரியவர் ஆகிவிடுவார். குறைந்த பென்ஷன் 1,000 ரூபாய்தான் என்று சிரிக்கலாம். ஆனால் மேலே நாம் பார்த்த நிலத்துக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதுவும் சின்னத் தொகையல்ல.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்தியம் அதில்தான். வேலையை விட்ட அன்றே அது நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடித்த சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை பிடித்ததற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அதற்குப் பிறகு இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர், மாத்திரைக்கு வழி என்ன என்று பார்க்காமல் ஊருக்குக் கிளம்பலாமா?

பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் விட முக்கியம். இங்கே நம் பிள்ளைகள் இங்கிலீஷும் கன்னடமும் படிக்கிறார்கள். வீட்டில் பேசும் தமிழை எழுதத் தெரியாது. தமிழ்நாட்டில் 2006ஆம் வருஷச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். எட்டாவது படிக்கும் பையனைத் திடீரென்று கூட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார வைத்தால் அவன் கதி என்ன? சர்க்கார் வேலைக்குப் போகட்டும் என்றாலும், தமிழகத் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தேறியாக வேண்டும் என்று 2021இல் உத்தரவாகிவிட்டது. கர்நாடகத்தில் வாங்கிய ஜாதிச் சான்றிதழைக் காட்டி அங்கே இட ஒதுக்கீடு கேட்கவும் முடியாது. ஆகவே போவது என்று தீர்மானித்துவிட்டால் அன்றைக்கே வீட்டில் தமிழ் எழுத்துப் பயிற்சியை ஆரம்பித்துவிட வேண்டும். நீங்கள் வேலை தேடும் ஒரு வருஷத்தில் பையன் தமிழ் எழுதப் பழகிவிடுவான். அந்த வருஷம் வீணல்ல.

எந்த வேலை, எங்கே?

"நாற்பதைத் தாண்டியவனுக்கு யாரப்பா வேலை தருவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதே கேள்விதான் என் வாதத்துக்குப் பலம். வேலையில் இருக்கும்போதே கிடைப்பது கஷ்டம் என்றால், வேலையை விட்டுவிட்டு, கையில் காசும் குறைந்த பிறகு தேடினால் எப்படிக் கிடைக்கும்? வேலையில் இருப்பவன் சம்பளம் பேசலாம். சும்மா இருப்பவன் கொடுத்ததைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிலத்தின் வாசலிலேயே வேலை இருக்க வேண்டும் என்பதில்லை. பஸ்ஸிலோ டூ வீலரிலோ ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் போதும். 1980களில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று வளர்ந்த ஓசூர் இன்று சூளகிரி வரை நீண்டுவிட்டது. போச்சம்பள்ளி சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், ஷூ கம்பெனிகள் உண்டு. அசெம்பிளி வரிசைக்கு அவர்கள் சின்ன வயதுப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். ஆனால் மெயின்டெனன்ஸ், ஸ்டோர்ஸ், டூல் ரூம், பாய்லர், டெஸ்பாட்ச், கேன்டீன் ஆகிய இடங்களில் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஜி.எஸ்.டி. கணக்கும் டாலியும் தெரிந்த குமாஸ்தா, மாம்பழக் கூழ் ஆலையிலும், அரிசி மண்டியிலும், தனியார் பள்ளியிலும், ஆஸ்பத்திரியிலும் தேவைப்படுகிறார். பாங்க், ரயில்வே, மத்திய அரசு ஊழியர்கள் முதலில் மாற்றலுக்கு எழுதிப் போட்டுப் பார்க்கட்டும். தனியார் கம்பெனியிலும் அந்தப் பக்கம் கிளை இருந்தால் கேட்பதில் தப்பில்லை.

ராஜினாமாவை எழுதுவதற்கு முன்னால் லீவை எழுதுங்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகும்போது, மாமன் மச்சான் வீட்டு விருந்தோடு திரும்பாமல், ஒரு நாளைக் கம்பெனி வாசல்களுக்காக ஒதுக்குங்கள். அனுபவச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். 'இனிஷியல்' ஒன்று மாறியிருந்தாலே பிறகு அலைச்சல்தான்.

இரண்டு சம்பளத்தை மறக்க வேண்டாம்

இங்கே ஒரு விஷயத்தை ஆண்கள் மறந்துவிடுகிறார்கள். இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு சம்பளத்தில் குடும்பம் நடப்பதில்லை. மனைவி கார்மென்ட்ஸுக்குப் போகிறாள். அல்லது நான்கு வீட்டில் சமையல் செய்கிறாள். அல்லது ஒரு டாக்டர் கிளினிக்கில் உட்காருகிறாள். "எனக்கு ஓசூர்ல வேலை கெடச்சாச்சு, கெளம்பு" என்று கணவன் சொல்லும்போது அவளுடைய வேலை கணக்கிலேயே வருவதில்லை. ஊருக்குப் போனால் அவளுடைய வருமானம் போகும். போதாததற்கு விறகும் தண்ணீரும் மாடும் மாமியாரும் அவள் தலையில் ஏறும். ஆகவே தேட வேண்டியது ஒரு வேலையல்ல, இரண்டு. அவளைக் கேட்காமல் எடுக்கும் தீர்மானம் பாதித் தீர்மானம்தான்.

ஆற்றில் ஒரு கால்

"வேலைக்கே போவதென்றால் நிலம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நிலத்தை வாழ வைக்கத்தான் வேலை என்பேன். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டு முதல் வருஷம் பட்டாவையும் வேலியையும், அடுத்த வருஷம் தண்ணீரையும், அதற்கடுத்து ஒரு சின்ன வீட்டையும் பார்த்துக்கொண்டால், பத்து வருஷத்தில் அந்த நிலம் உங்களுக்குச் சோறு போடத் தயாராக இருக்கும். அப்போது வேலையை விடலாம்.

இன்னும் சிலர், இந்த ஊரை விட்டு அசையவே கூடாது என்பார்கள். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடகை ஏறுகிறது, வயதும் ஏறுகிறது. போக விரும்புகிறவன் போகட்டும். ஆனால் ஆள் முதலில், குடும்பம் பிறகு. புது வேலையில் சேர்ந்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ அந்தப் பக்கத்து டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கி, வேலை நிலைக்கிறதா என்று பார்க்கட்டும். அதுவரை காக்ஸ் டவுன் வீட்டு லீஸ் பணத்தில் கை வைக்க வேண்டாம். பள்ளி வருஷம் முடிந்து, மே மாதத்தில் குடும்பம் கிளம்பட்டும். 'ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்' என்று கேலி செய்வார்கள். அக்கரையில் தரை கெட்டியா என்று தெரிகிற வரைக்கும் அப்படித்தான் நிற்க வேண்டும்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓசூர் எல்லையைத் தாண்டினார்கள். 2020இல் ஊரடங்கு வந்தபோதும் மூட்டை கட்டினார்கள். இரண்டு முறையும் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஊர் அவர்களை வெறுக்கவில்லை. ஊரில் மாதச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான். அன்று போனவர்களுக்கு யோசிக்க நேரம் இல்லை. இன்று டீக்கடையில் உட்கார்ந்து பேசும் நமக்கு நேரம் இருக்கிறது.

ஆகவே அந்த நண்பருக்கு நான் சொல்வது இதுதான்: அண்ணே, ஊருக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் சட்டைப் பையில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். ரெண்டு ஏக்கர் எங்கும் ஓடிவிடாது.